உழைப்பு வேண்டும், உழைப்பாளி வேண்டாமா?

(மும்பை தாராவியில் நடைபெற்ற தமிழ்க் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேசவிருக்கும் பொருள் நமது உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்வியிலிருந்து பிறந்தது. தோல் பட்டறையில் பணியாற்றும் அந்தத் தோழர், சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "வங்கதேசத்துக்காரர்களைப் பிடித்து அனுப்புகிறார்கள். அதை எதிர்த்து நாம் ஏன் துண்டறிக்கை கொடுக்க வேண்டும், தோழர்? அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால்தானே எங்கள் கூலி ஏறாமல் கிடக்கிறது?" என்று கேட்டார். இதை அவர் கூட்டத்தில் கேட்கவில்லை. கேட்டால் மற்றவர்கள் தவறாக எண்ணுவார்களோ என்று தயங்கியிருக்கிறார். அந்தத் தயக்கம்தான் எனக்குக் கவலை அளித்தது. ஒரு தொழிலாளியின் மனத்தில் உள்ள கேள்வியைக் கட்சிக் கூட்டத்தில் கேட்க முடியவில்லை என்றால், அதே கேள்விக்கு வேறொருவர் வேறோர் இடத்தில் விடை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஆகவே, அந்தத் தோழரின் அனுமதியுடன், அவருடைய கேள்வியை இந்த மேடைக்கே கொண்டு வந்திருக்கிறேன்.

சேலத்துக்குச் சென்ற பேருந்து

முதலில் ஒரு வழக்கை நினைவூட்டுகிறேன். 1981 ஜூலையில் அன்றைய காங்கிரஸ் முதலமைச்சர் ஏ.ஆர்.அந்துலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பம்பாயின் நடைபாதைகளில் வாழ்வோர் அனைவரும் அகற்றப்படுவார்கள். அவரவர் சொந்த ஊர்களுக்கோ நகரத்துக்கு வெளியிலோ அனுப்பப்படுவார்கள் என்பதே அந்த அறிவிப்பு. மழைக்காலத்தில் அந்தக் குடிசைகளில் மனிதர் வாழ இயலாது என்ற இரக்கமும் அதனுடன் சேர்த்தே பேசப்பட்டது. அந்த இரக்கத்தின் விளைவாக, கொட்டும் மழையில் குடிசைகள் பிரித்தெறியப்பட்டன.

அப்படிப் பிரிக்கப்பட்ட குடிசைகளில் ஒன்று சேலத்திலிருந்து வந்த ஒரு தமிழ்த் தொழிலாளியுடையது. ஊரில் நிலமற்ற கூலி. வறட்சியால் வேலை இழந்து 1961இல் பம்பாய்க்கு வந்தவர். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி பெற்றவர். நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு அமைத்த ஒரு கூரைக்காக, அந்தப் பகுதியின் குடிசைத் தாதா ஒருவருக்கு 2,500 ரூபாய் கொடுத்தவர். 1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி அதிகாரிகள் அந்தக் குடிசையை இடித்து, அவரையும் குடும்பத்தையும் சேலத்துக்குச் செல்லும் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியும் மகள்களும் சேலத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே வந்து, மீண்டும் ஒரு நடைபாதைக் குடிசையில் நுழைந்தார். இவை யாவும் 1985இல் உச்சநீதிமன்றம் வழங்கிய ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. வாழ்வாதாரத்துக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று கூறிய புகழ்பெற்ற தீர்ப்பு அது. உரிமையை ஒப்புக்கொண்ட அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்தபின் குடிசைகளை அகற்றலாம் என்றும் அனுமதித்தது.

தோழர்களே, இந்தியக் குடிமகனான ஒரு தமிழ்த் தொழிலாளி, இந்திய நகரம் ஒன்றிலிருந்து பேருந்தில் ஏற்றி "நாடு கடத்தப்பட்ட" நிகழ்வு இது. அவர் எந்த எல்லையையும் சட்டவிரோதமாகக் கடக்கவில்லை. அவர் செய்த குற்றம், உழைக்க வந்த நகரத்தில் உறங்கவும் இடம் தேடியதுதான். அவருடைய 23 ரூபாய் உழைப்பு இந்த நகரத்துக்கு வேண்டியிருந்தது. அவரும் அவருடைய மூன்று மகள்களும் வேண்டியிருக்கவில்லை.

அப்போது 'மதராஸி', இப்போது 'பங்களாதேஷி'

அதற்கும் முந்தைய வரலாறு இங்குள்ள மூத்த தோழர்களுக்கு நன்றாகவே தெரியும். 1960 மே 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் உருவானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்த சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் கம்யூனிஸ்டுகள் முன்னணியில் நின்றார்கள். மாநிலம் கிடைத்தது, ஆலைகளும் வங்கிகளும் எப்போதும் போல் முதலாளிகளின் கையிலேயே இருந்தன. வேலையில்லாத மராத்தி இளைஞனின் கோபம் அந்த முதலாளிகளை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். அதை வேறு பக்கம் திருப்பியவர்கள் யார்? 'மார்மிக்' இதழில், நிறுவனங்களில் பணிபுரியும் தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்கள் வெளியாயின. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தோன்றியது. மாட்டுங்காவின் எழுத்தர் பட்டியலில் இடம் பெற்றார். கல்லெறி வாங்கியதோ உடுப்பி உணவகத்தில் மேசை துடைத்தவர்.

இந்த வெறுப்பினால் ஆதாயம் பெற்றவர்களைப் பார்ப்போம். 1967 நாடாளுமன்றத் தேர்தலில் வடகிழக்கு பம்பாயில் வி.கே.கிருஷ்ண மேனன் 'வெளியாள்' என்ற பிரசாரத்துக்கு நடுவே தோற்கடிக்கப்பட்டார். வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர். முதலமைச்சர் வசந்தராவ் நாயக்கின் அரவணைப்பைக் கண்டு மக்களே அந்தச் சேனைக்கு 'வசந்த சேனை' என்று பெயரிட்டார்கள். 1968இல் சேனை தனது தொழிற்சங்கத்தைத் தொடங்கியது. 1970 ஜூன் 5 இரவு பரேல் சட்டமன்ற உறுப்பினரான கம்யூனிஸ்ட் தலைவர் கிருஷ்ணா தேசாய் படுகொலை செய்யப்பட்டார். அவருடைய தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில்தான் சிவசேனை தனது முதல் சட்டமன்ற உறுப்பினரைப் பெற்றது. தென்னிந்தியருக்கு எதிரான முழக்கமாகத் தொடங்கியது, ஆலைப் பகுதியில் செங்கொடிக்கு எதிரான கத்தியாக முடிந்தது. 'வெளியாள்' என்ற சொல்லால் இரண்டு காரியங்கள் நடந்தன: தொழிலாளி தொழிலாளிக்கு எதிராக நிறுத்தப்பட்டார், தொழிற்சங்கம் உடைக்கப்பட்டது.

இங்கே நமது குறையையும் சொல்ல வேண்டும். மாநிலக் கோரிக்கைக்காக மராத்தி மக்களுடன் தோளோடு தோள் நின்ற நாம், 'மண்ணின் மைந்தர்' முழக்கம் வெறுப்பாக மாறியபோது அதே வேகத்துடன் அதை எதிர்கொள்ளவில்லை. தாராவியின் சிறுபட்டறைகளுக்குள் அமைப்பைக் கொண்டு செல்வதிலும் பின்தங்கினோம். அந்த வெற்றிடத்தைச் சாதிச் சங்கங்களும் தாதாக்களும் நிரப்பினார்கள்.

பிறகு இலக்குகள் மாறின. 1992-93இல் முஸ்லிம்கள். 2008இல், வேறொரு கட்சியின் கொடியின் கீழ், உத்தரப்பிரதேச, பீகார் தொழிலாளர்கள். இடையில் 1998 ஜூலையில், சிவசேனை-பாஜக ஆட்சியின்போது, வங்க மொழி பேசும் ஜரிகை வேலைத் தொழிலாளர்களை 'வங்கதேசத்தவர்' என்று பிடித்து, எல்லைக்கு அனுப்ப ரயிலில் ஏற்றினார்கள். மேற்கு வங்கத்தின் உலுபேரியா நிலையத்தில் மக்கள் திரண்டு அவர்களை ரயிலிலிருந்து விடுவித்தார்கள். மொழியை மட்டும் வைத்து இந்தியக் குடிமக்களை வெளியேற்றுவதா என்று அன்றைய இடது முன்னணி அரசு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. இன்று நாம் காண்பது அந்த நாடகத்தின் விரிவான பதிப்பு.

2025ஆம் ஆண்டுச் சட்டம்

2025 ஏப்ரலில் 'குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம்' ஒப்புதல் பெற்று, செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை நீக்கி ஒன்றாக்கிய சீர்திருத்தம் என்று ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. ஆனால் காலனிய அரசு வகுத்த மிகக் கொடிய விதி அதில் அப்படியே நீடிக்கிறது. ஒருவரை வெளிநாட்டவர் என்று அரசு சொன்னால், தான் வெளிநாட்டவர் அல்லர் என்று அவரேதான் மெய்ப்பிக்க வேண்டும். திருட்டு வழக்கிலும் கொலை வழக்கிலும் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. இங்கே ஏழையிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. உரிய கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எந்த ஆவணத்தைக் கொண்டு மெய்ப்பிப்பது? ஆதார், பான் அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவை இருப்பதனாலேயே ஒருவர் குடிமகன் ஆகிவிட மாட்டார் என்று 2025 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஒரு பிணை வழக்கில் கூறியது. அப்படியானால் இந்த அரங்கில் இருக்கும் நம்மில் எத்தனை பேரிடம் குடியுரிமையை மெய்ப்பிக்கும் காகிதம் இருக்கிறது? வீட்டிலேயே பிறந்து, பிறப்புப் பதிவு இல்லாமல், பள்ளியில் ஆசிரியர் குறித்த தேதியையே பிறந்த நாளாகக் கொண்ட எத்தனை திருநெல்வேலித் தாய்மார்கள் நம் சந்துகளில் இருக்கிறார்கள்?

இது வெறும் அச்சம் அல்ல. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் விடுபட்டன. 2025 ஜூனில் மும்பைப் பகுதியில் பிடிக்கப்பட்ட மேற்கு வங்கத் தொழிலாளர்கள் சிலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, இந்தியர்கள் என்று மாநில அரசு உறுதி செய்த பிறகு திரும்ப அழைத்து வரப்பட்டார்கள். டெல்லியில் வேலை செய்துவந்த பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் குடும்பத்துடன் அவ்வாறே தள்ளப்பட்டார். கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை ரத்து செய்து அவர்களைத் திரும்ப அழைத்துவர ஆணையிட வேண்டியிருந்தது. முதலில் தள்ளிவிட்டு, பிறகு விசாரிக்கும் ஆட்சியில் இன்று வங்க மொழி சந்தேகத்துக்குரியது. நேற்று நமது மொழி அப்படி இருந்தது.

இதே சட்டத்தின்மீது மக்களவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, இந்த நாடு ஒன்றும் தர்மசாலை அல்ல என்றார். அது யாரோ பிறருக்குச் சொல்லப்பட்டது என்று நம்மில் சிலர் எண்ணினோம். 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்ற அமர்வு ஒன்று அதே சொல்லைச் சொன்னது. எதிரில் நின்றது ஓர் இலங்கைத் தமிழரின் மனு. சிறைத் தண்டனைக்குப் பின் தன்னை இலங்கைக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டவர் அவர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத அகதிகளுக்கு வழி திறந்தது. அதில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் பல பத்தாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கிறது, குடியுரிமை அளிக்கவில்லை. இந்துக்களின் காவலர் என்று கூறிக்கொள்ளும் ஆட்சி, பெரும்பாலும் இந்துக்களான இந்த அகதிகளை நாற்பது ஆண்டுகளாகியும் ஏன் ஏற்கவில்லை? இவர்களுக்குக் குடியுரிமை அளிப்பதால் வடக்கே யாரையும் யாருக்கும் எதிராகத் தூண்டிவிட முடியாது. தேர்தல் ஆதாயம் இல்லாத இடத்தில் இரக்கமும் இல்லை.

தொழிலாளியிடம் காகிதம், முதலாளிக்குச் சலுகை

இப்போது நமது தோழரின் கேள்விக்கு நேராக வருவோம். குறைந்த கூலிக்கு ஒருவர் வந்தால் மற்றவர் கூலி இறங்காதா? இறங்கும். இதை மறுத்தால் பட்டறையில் வேலை செய்யும் எவரும் நம்மை நம்ப மாட்டார்கள். ஆனால் அவர் ஏன் குறைந்த கூலிக்கு வருகிறார் என்பதுதான் கேள்வி.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் இருவரிடம் காகிதம் இல்லை, அல்லது இருக்கும் காகிதத்தைக் காவலர் ஏற்பாரா என்ற அச்சம் இருக்கிறது. அந்த இருவர் கூடுதல் கூலி கேட்டால் முதலாளி தொலைபேசியை எடுத்தாலே போதும். ஆகவே அவர்கள் கேட்பதில்லை. அவர்கள் கேட்காததால் மற்ற எட்டுப் பேராலும் கேட்க முடிவதில்லை. இங்கே கூலியை இறக்குவது அவர்கள் பிறந்த ஊரன்று. அவர்கள் தலைமேல் தொங்கும் அச்சம். அந்த அச்சத்தை ஊதிப் பெருக்கும் ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு சட்டமும் பட்டறை முதலாளியின் கையையே வலுப்படுத்துகிறது. நமது தோழரின் கூலியைக் கட்டிப்போட்டிருக்கும் கயிற்றின் மறுமுனை அந்த இருவரின் கழுத்தில் இருக்கிறது. கயிற்றை இறுக்கினால் நமது தோழருக்கு என்ன கிடைக்கும்?

முதலாளித்துவம் எப்போதும் ஒரு சேமப் பட்டாளத்தை வைத்திருக்கும் என்று மார்க்ஸ் விளக்கினார். இங்கிலாந்துத் தொழிலாளிக்கும் அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளிக்கும் இடையே வளர்க்கப்பட்ட பகைமையே ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் இயலாமைக்கான ரகசியம் என்று 1870இல் தம் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிக்காட்டினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவைப் பாருங்கள். 1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை அந்த அரசே வரவழைத்தது. இடையில் 1954இல் மெக்சிகோ மக்களைப் பெருந்திரளாகப் பிடித்து வெளியேற்றியதும் அதே அரசுதான். 1986இல் ரீகன் ஆட்சி ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டப்படியான தகுதி அளித்தது. ஆவணமற்றவர் என்று 'தெரிந்தே' வேலைக்கு வைத்த முதலாளிக்குத் தண்டனை என்று விதித்தது. அந்தத் 'தெரிந்தே' என்ற சொல் வழியாக முதலாளிகள் தப்பினார்கள். ஆவணமற்றோர் எண்ணிக்கை பின்னர் ஒரு கோடியைத் தாண்டியது. 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களைக் கைகால் விலங்கிட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கினார் டிரம்ப். அதே ஆண்டு ஜூனில், பண்ணைகளிலும் விடுதிகளிலும் சோதனையை நிறுத்துமாறு அவருடைய நிர்வாகமே உத்தரவிட்டது. சில நாட்களில் அதை மாற்றிக்கொண்டது. ஆப்பிள் பறிக்கவும் அறை துடைக்கவும் ஆள் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த விலங்குகளைக் கண்டு பாஜக அரசு கடுமையாகக் கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால், நீங்கள் உங்கள் நாட்டில் செய்வது என்ன என்ற கேள்வி எழுந்திருக்கும்.

நம் நாட்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். தொழிலாளியிடம் காகிதம் கேட்டு நெருக்கும் அரசு, முதலாளி வைத்திருக்க வேண்டிய காகிதங்களைக் கிழித்தெறிகிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. இனி 20 பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேருக்குப் பொருந்தியது. இனி 50 பேர் வேண்டும். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 5 பேர் உள்ள இடத்துக்கும் பொருந்தியது. இனி 10 பேர் வேண்டும். தாமாக வேலை தேடி வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் கொண்டு வந்துவிட்டோம் என்கிறார்கள். வரையறையை அகலமாக்கி வாசலைக் குறுக்கியிருக்கிறார்கள். தாராவியின் பட்டறைகளில் எத்தனை இந்த எண்ணிக்கைகளைத் தாண்டும் என்று நீங்களே கணக்கிடுங்கள். ஆவணமற்ற தொழிலாளி என்று யாரையோ சொல்கிறார்கள். பணி நியமனக் கடிதமும், வருகைப் பதிவேடும், வருங்கால வைப்புநிதிக் கணக்கும் இல்லாத நாம் யாவருமே ஆவணமற்ற தொழிலாளர்கள்தாம், தோழர்களே!

தகுதி, தகுதியின்மை

காகிதத்தைக் கொண்டு மனிதரைப் பிரிப்பது என்ன என்பதைத் தாராவிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் புகைப்பட அட்டை, பிறகு 1985, பிறகு 1995, பிறகு 2000 என்று 'இந்தத் தேதிக்கு முன் வந்தாயா?' என்ற கேள்வி நம் வாசலில் அரை நூற்றாண்டாக நிற்கிறது. இன்று அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடு பங்குள்ள நிறுவனத்தின் கையில் தாராவி மறுவளர்ச்சி தரப்பட்டிருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதை மெய்ப்பித்தவருக்குத் தாராவியில் 350 சதுர அடி வீடு. 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் வீடு. அதற்குப் பின் வந்தவருக்கும் மாடியில் வசிப்பவருக்கும் தாராவிக்கு வெளியே வாடகைத் தவணை வீடு. அந்த வெளியிடங்களாகக் குறிக்கப்பட்டவற்றில் தியோனார் குப்பைக்கிடங்கின் 124 ஏக்கரும் உண்டு.

'ஊடுருவல்காரர்' என்ற சொல்லையும் 'தகுதியற்றவர்' என்ற சொல்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை. முதல் சொல் மனிதரை நாட்டிலிருந்து அகற்றுகிறது. இரண்டாவது, நிலத்திலிருந்து அகற்றுகிறது. நீண்டநாள் தள்ளிப்போடப்பட்ட மாநகராட்சித் தேர்தல் நெருங்கியபோது முதல் சொல்லை உரக்க முழங்கினார்கள். அந்தக் கூச்சலில் இரண்டாவது சொல் நடத்தும் நிலப்பறிப்பு மக்கள் காதில் விழாமல் போனது. 'பங்களாதேஷி' என்ற பேச்சில் நம் சந்து பிளவுபட்டு நின்றால், வீடு கணக்கெடுக்க வருபவரிடம் சேர்ந்து நின்று கேள்வி கேட்க யார் இருப்பார்கள்?

மலையகம் தரும் பாடம்

இந்த அரசியலின் முழு உருவத்தையும் காண வேண்டுமானால் இலங்கை மலையகத்தைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சென்ற நம் மக்கள் அங்கே தேயிலையை வளர்த்தார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கு இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு இடங்களைத் தந்தது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கு வலுச் சேர்த்தது. டி.எஸ்.சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு அதைக் கண்டு அஞ்சியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பரம்பரைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையில் பிறந்தவரிடம் தந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை. இலங்கையின் இடதுசாரிக் கட்சிகள் அந்தச் சட்டத்தை எதிர்த்தன. ஜி.ஜி.பொன்னம்பலம் போன்ற தமிழ்த் தலைவர்களே அரசின் பக்கம் சாய்ந்தார்கள். தோட்டத் தொழிலாளி தங்கள் வர்க்கத்தவர் அல்லர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகும் தேயிலை பறிப்பது ஒரு நாளும் நிற்கவில்லை. உழைப்பு வேண்டும், வாக்கு வேண்டாம் என்பதே கொள்கை. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பீகாரில் 2025இல் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை இந்தப் பின்னணியில் பாருங்கள். சட்டவிரோதக் குடியேறிகளைக் களைவதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் நீங்கின. இறந்தவர், இருமுறை பதிவானவர் என்பதுடன், இடம்பெயர்ந்தவர் என்பதும் நீக்கத்துக்கு ஒரு காரணம். பிழைப்புக்காக ஊரை விட்டுச் சென்ற தொழிலாளி, ஊரில் வாக்கை இழக்கிறார். சென்ற ஊரில் அவரை யாரும் சேர்ப்பதில்லை. மலையகத்தின் நிழல் இது.

எல்லையே வேண்டாமா?

'அப்படியானால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிறீர்களா?' என்று எதிரணியினர் கேட்பார்கள். நமது நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு நாட்டுக்கு எல்லை உண்டு. குடியேற்றத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் உண்டு. அந்த அதிகாரம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. ஒருவர் வெளிநாட்டவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சேர வேண்டும். வழக்கறிஞர் உதவியுடன் விசாரணை இல்லாமல் எவரையும் எல்லைக்கு அப்பால் தள்ளக் கூடாது. மொழியும் மதமும் சந்தேகத்துக்கு அடிப்படை ஆகக் கூடாது. அகதிகளுக்கு மதம் பார்க்காத சட்டம் வேண்டும். இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் குடியுரிமை வேண்டும். யாருடைய காகிதம் எப்படி இருந்தாலும், செய்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியும், விபத்துக்கு இழப்பீடும் தரப்பட வேண்டும். தராத முதலாளி தண்டிக்கப்பட வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்தக் கோரிக்கை நிறைவேறினாலே, குறைந்த கூலிக்கு ஆள் வைக்கும் ஆசை முதலாளிக்குத் தானாக அற்றுப்போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய் வரும் தோழர்கள் சிலர் திருப்பூர் வட இந்தியத் தொழிலாளர்களை 'வடக்கன்' என்று இழிவாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகளைப் பரப்பி இரு மாநில மக்களையும் மோதவிட முயன்றார்கள். அந்தப் பொய் எளிதில் பரவியதற்கு இந்த இழிசொல்லும் வழி செய்தது. 'மதராஸி' என்று இங்கே வசை கேட்டவர்கள் ஊருக்குப் போய் 'வடக்கன்' என்று சொல்லலாமா?

செய்ய வேண்டியவை

தோழர்களே, உரை மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையும் ஓர் உதவி மையம் தொடங்க வேண்டும். நம் மக்களுடைய பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பழைய குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது ஆகியவற்றை ஒழுங்குபடுத்தித் தர வேண்டும். தமிழர், வங்காளி, பீகாரி என்று பாராமல் யார் வந்தாலும் உதவ வேண்டும். யாரேனும் பிடித்துச் செல்லப்பட்டால் அன்றைக்கே வழக்கறிஞரைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு இருக்க வேண்டும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடியிருப்புச் சங்கங்களில் உள்ள நமது தோழர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பெயரையும் பேச்சையும் வைத்துச் சந்தேகிக்கும் தீர்மானங்களை எதிர்த்துப் பேச வேண்டும். நடுத்தர வர்க்கத் தோழர்களின் துணிவுக்கு அது ஒரு சோதனை. மறுவளர்ச்சிப் போராட்டத்தில் 'தகுதியுள்ளவர்' மட்டும் தனியே பேச்சு நடத்தும் பொறியில் விழாமல், தாராவியில் வாழும் அனைவருக்கும் தாராவியிலேயே வீடு என்ற கோரிக்கையில் உறுதியாக நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டறைதோறும் சங்கம் வேண்டும். வங்க மொழியில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டால் அதை வாங்கிப் படிப்பவர் நம் பக்கத்து இயந்திரத்தில் இருப்பவர்.

கேள்வி கேட்ட தோழர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பட்டறைக்குச் செல்லும்போது, அருகில் அமர்ந்து தோல் வெட்டும் அந்த வங்க இளைஞரிடம் அவருக்கு ஒரு உருப்படிக்கு எவ்வளவு கூலி என்று கேளுங்கள். உங்கள் கூலியையும் அவரிடம் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து முதலாளியிடம் என்ன கேட்கலாம் என்று பேசுங்கள். அவர் அஞ்சினால், உங்கள் பின்னால் சங்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும் அளவுக்கு ஒரு சங்கத்தைக் கட்டுவது நம் அனைவரின் கடமை.

1981இல் சேலத்துப் பேருந்தில் ஏற்றப்பட்டபோது அந்தத் தொழிலாளியின் பக்கம் நின்றவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் தமிழரல்லர். அடுத்த பேருந்து புறப்படும் முன் அதன் வழியில் நாம் நிற்போம்.

உழைக்கும் மக்கள் ஒற்றுமை ஓங்குக!